கொடி சுற்றியதாக நான் சொன்ன பிள்ளை

என் தங்கையின் மகள் கொடி சுற்றிப் பிறக்கவில்லை. கொடி சுற்றிப் பிறந்தாள் என்று ஊருக்குச் சொன்னவன் நான். அது பொய்.

இந்த மூன்று வரிகளை எழுத எனக்கு முப்பது வருடங்களுக்கு மேல் எடுத்திருக்கிறது. கடந்த சில மாதங்களாக இந்தப் பக்கத்தில் என் அலுவலகக் கதைகளையும், கொழும்பு வெள்ளவத்தையில் வாடகைக்கு வீடு தேடி அலைந்த கதையையும் எழுதிவந்தேன். 'உங்கள் நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது' என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். அதை இரண்டாம் முறை வாசிக்க என்னால் முடியவில்லை. மடித்து மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டேன்.

துவாய்க்குள் ஒரு பிள்ளை

கமலா எனக்கு ஒரே தங்கை. பத்து வயது இளையவள். தாய் தகப்பன் போன பிறகு நானும் என் மனைவி புஷ்பமும்தான் அவளைப் படிப்பித்துக் கட்டிக்கொடுத்தோம். மாப்பிள்ளை கப்பலில் எஞ்சினியர். கலியாணம் முடிந்து பதினோராம் மாதம் கமலாவுக்குப் பிள்ளை. அந்த நேரம் அவர் எங்கோ தூரக் கடலில் இருந்தார். அதனால் தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில், ஒரு தனியார் மருத்துவமனையின் தாழ்வாரத்தில், நான் நின்றேன்.

எனக்கும் புஷ்பத்துக்கும் அப்போது கலியாணமாகிப் பன்னிரண்டு வருடம். பிள்ளை இல்லை. இரண்டு பேரிலும் ஒரு குறையும் இல்லை என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். குறை இருக்கிறது என்று சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

டொக்டர் வெளியே வந்து, "பெண் பிள்ளை. ரெண்டு பேரும் சுகம். பிள்ளை களைச்சுப் போச்சு, அதால வெட்டித்தான் எடுத்தது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அந்த நேரம் புஷ்பம் தேத்தண்ணி வாங்கப் போயிருந்தாள். கொடி என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை.

பின்னால் ஒரு சிங்களத் தாதி வந்தாள். கையில் வெள்ளைத் துவாய்ச் சுருள். என்னைப் பார்த்து, "மாமாத? கண்டகோ" என்றாள். மாமாவா, பிடியுங்கள் என்று.

நான் அசைவதற்கு முன், திரும்பி வந்திருந்த புஷ்பம் இரண்டு கைகளையும் நீட்டிவிட்டாள்.

அப்போது அவள் முகத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தும் நான் பார்த்திராத முகம். தங்கைக்குப் பிள்ளை பிறந்ததை நான் எப்படியோ பொறுத்திருப்பேன். என் மனைவிக்குள் இப்படி ஒரு முகம் இருந்திருக்கிறது, அதை ஒருநாளும் என்னால் வெளியே கொண்டுவர முடியவில்லை, ஒரு துவாய்ச் சுருள் ஒரு நொடியில் கொண்டுவந்துவிட்டது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"தூக்காதையும் புஷ்பம்" என்றேன். "கொடி சுத்திப் பிறந்த பிள்ளையாம். டொக்டர் சொன்னவர்."

நீட்டிய கைகள் அப்படியே நின்றன. பிறகு மெதுவாகக் கீழே இறங்கின. ஒரு கை கழுத்துக்குப் போய்த் தாலியைப் பிடித்துக்கொண்டது.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தொப்புள்கொடி கழுத்தில் சுற்றிப் பிறக்கும் பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். மாமன் அந்தப் பிள்ளையை நேரே பார்த்தால் அவன் உயிருக்குக் கூடாது. முப்பத்தோராம் நாள், பிறப்புத் தீட்டான துடக்குக் கழியும்போது, தாய் பிள்ளையோடு மாமனுக்குப் பின்னால் நிற்பாள். மாமன் கிண்ணத்து நல்லெண்ணெயில் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பான். அதன் பிறகுதான் நேரே பார்க்கலாம்.

மாமன் பார்க்கக் கூடாத பிள்ளையை மாமன் பெண்சாதி எப்படிக் கொஞ்சுவாள்? அவளுக்குத் தாலி பெரிது. அதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் சொன்னேன்.

நம்பாதவன் சொன்னது

நான் கொழும்புக் கோட்டையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் வரைபடம் கீறியவன். நாள், நட்சத்திரம், சாத்திரம் ஒன்றையும் நம்பாதவன் என்று பெயரெடுத்தவன். என் கலியாணத்துக்குக் குறிப்புப் பார்க்க விடமாட்டேன் என்று சண்டை பிடித்தவன். கொழும்புக்கு வந்த சாத்திரிமாரைச் சொந்தக்காரர் வீட்டு முன்னறையில் வைத்தே கேள்வி கேட்டு மடக்கியிருக்கிறேன்.

என் பொய் நின்றுபிடித்ததும் அதனால்தான். கமலாவின் மாமியார் எல்லோரிடமும், "அவனே சொல்லுறான் எண்டால் பாருங்கோவன். ஒண்டையும் நம்பாத பெடியன்" என்று சொல்லித் திரிந்தார். நம்புகிறவன் சொல்லியிருந்தால் யாராவது ஒருவர் டொக்டரிடம் போய்க் கேட்டிருப்பார்.

கடல் மூடிய மாதங்கள்

அது தென்மேல் காற்று வீசும் காலம். வெள்ளவத்தையில் இருப்பவர்களுக்கு அந்த மாதங்கள் எப்படி என்று தெரியும். யன்னல் கம்பிகளில் உப்புப் பிடிக்கும். காயப்போட்ட வேட்டி காயாது. ரயில் பாதைக்கு அப்பால் அலை கல்லில் அடிக்கும்போது மேல்மாடியில் இருக்கும் கண்ணாடி அதிரும். மீன்பிடிக்காரரின் வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடக்கும். அவர்கள் கூரைத் தகரத்துக்குக் கீழே இருந்து கரம்போர்ட் விளையாடுவார்கள்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறப் பால்சுறா வறுத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு மீன் வேண்டும். சந்தையில் மீன்காரி கையை விரித்தாள். "மாளு நெஹெ நோனா, முஹுத செரய்." மீன் இல்லை அம்மா, கடல் கடுமை.

புஷ்பம் விடவில்லை. இரண்டு பஸ் மாறி முகத்துவாரம்வரை போனாள். முதல் நாள் வெறுங்கையோடு வந்தாள். மறுநாள் திரும்பவும் போய், மழையில் நனைந்து, ஒரு முழம்கூட இல்லாத இரண்டு சுறாவைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்தாள். வறுத்துக் கரியரில் வைத்து, அடுத்த ஒழுங்கையில் இருந்த கமலா வீட்டு வாசலில் வைப்பாள். "கமலா, எடும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போகமாட்டாள். படியில் கொஞ்ச நேரம் நிற்பாள்.

ஒருநாள் அலுவலகத்திலிருந்து வரும்போது நான் அதைக் கண்டேன். உள்ளே பிள்ளை அழுதது. புஷ்பம் கதவுப் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு நின்றாள். அந்த அழுகைமேலும் எனக்குப் பொறாமை வந்தது. வீட்டுக்குப் போய், சுறா நாற்றம் வயிற்றைக் குமட்டுகிறது, இனிமேல் சமைக்க வேண்டாம் என்று சத்தம் போட்டேன்.

அதே கிழமை இன்னொன்றும் நடந்தது. ரயில் பாதையைத் தாண்டி நடந்துபோனேன். ஒரு மீன்பிடிக்காரன் வீட்டிலும் புதிதாகப் பிள்ளை. கடல் மூடிக் கிடந்ததால் ஆண்கள் எல்லோரும் வீட்டில். தகப்பன், சித்தப்பன், மாமன், அயல்வீட்டான் என்று பிள்ளை கைமாறிக் கைமாறிப் போய்க்கொண்டிருந்தது. கரம் பலகையில் ஒருவன் அடிக்கும்வரை அடுத்தவன் மடியில் பிள்ளை.

"மாத்தயா, அபே பபாவ பலலா யண்டகோ" என்று தகப்பன்காரன் கூப்பிட்டான். ஐயா, எங்கள் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றான். நான் ஓர் அந்நியன். அவன் என் கையில் பிள்ளையைத் தந்துவிட்டான். சூடாக இருந்தது. என் சட்டைப் பொத்தானைப் பிடித்தது. "மாத்தயாவுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று ஒருவன் சிங்களத்தில் கேட்டான். "ஒன்று" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

முப்பத்தோராம் நாள்

துடக்குக் கழிவன்று கமலா எல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தாள். கிண்ணம், எண்ணெய், எனக்கென்று ஒரு பலகை. நான் போகவில்லை. அவளே பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து எங்கள் வாசலில் நின்றாள்.

"அண்ணா, ஒரு நிமிசம்தான். எண்ணெயில ஒருக்காப் பாத்திட்டுப் போங்கோ."

"இவ்வளவு படிச்சவன் எண்ணெய்க் கிண்ணத்துக்குள்ள குனிஞ்சு பாக்கிறதோ? விசர்க்கதை கதையாதை."

"அப்ப நம்பாட்டி நேர வந்து பாருங்கோவன்."

சரியாகத்தான் கேட்டாள். "பிறகு பாப்பம்" என்றேன். நம்பிக்கை இருப்பவனுக்கு எண்ணெய் இருந்தது. இல்லாதவனுக்கு நேர்வழி இருந்தது. நான் இரண்டு வாசலையும் பூட்டினேன்.

நாலு மாதம் கழித்து மழையில் வழுக்கிய ரயில் மேடையில் விழுந்து காலை முறித்துக்கொண்டேன். அன்று விடிய அதே மேடையில் இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள். அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கமலா ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று தேம்பினாள்.

"என்ர பிள்ளையாலதான் அண்ணா. இனி அவளை உங்கட கண்ணில காட்டமாட்டன். இது சத்தியம்."

நான் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். கால் வலி என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

கமலா கொழும்பின் மறுமுனையில் இருந்த கொட்டாஞ்சேனைக்கு வீடு மாறிப் போனாள். என்மேல் கோபத்தில் அல்ல. என்னைக் காப்பாற்றப் போனாள். வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் நடுவே எவ்வளவு தூரம்? அந்தத் தூரத்தை என் தங்கை முப்பது வருடத்துக்கு மேல் காத்தாள். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் தனியாகத்தான் வருவாள். பிறகு பிறந்த மகனைக் கூட்டி வருவாள். மகளை அயலில் விட்டுவிட்டு வருவாள்.

பிள்ளைக்கு வாசுகி என்று பெயர். குடும்பத்தில் 'மாமனுக்கு ஆகாதவள்' என்றுதான் சொன்னார்கள். கலியாண வீடுகளில் நான் மண்டபத்தின் இந்த மூலையில் இருந்தால் அவளை அந்த மூலையில் இருத்துவார்கள். அவளுடைய சொந்தக் கலியாணத்தில் மாமன் செய்ய வேண்டியதை எங்கள் ஒன்றுவிட்ட சகோதரன் ஒருவன் செய்தான். நான் வீட்டிலிருந்து பெட்டியில் ஒரு சேலை அனுப்பினேன்.

திரைக்கு முன்னால்

இந்த வருடம், கடல் திரும்பவும் கடுமையான நாட்களில், கமலா போன் எடுத்தாள். வாசுகிக்கு எட்டாம் மாதம். நீண்ட காலம் காத்திருந்து வந்த பிள்ளை.

"அவள் நித்திரை கொள்ளுறாள் இல்லை அண்ணா. ஒவ்வொரு ஸ்கானுக்கும் கொடி எங்க கிடக்கு, கொடி எங்க கிடக்கு எண்டு கேட்டு டொக்டரையும் விசராக்கிறாள். தன்னை மாதிரித் தன்ர பிள்ளையும் கொடி சுத்தி வந்து தம்பிக்கு ஏதும் ஆகிடும் எண்டு பயம். தம்பியை இப்பவே வீட்டுக்கு வரவேண்டாம் எண்டிட்டாள்."

மறுநாள் காலை கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறினேன். நான் வருவதைச் சொல்லியிருந்தபடியால், வாசுகி அறைக்குள்ளே திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தாள். சீலைக்குக் கீழே வீங்கிய இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன.

நான் இருக்காமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். டொக்டர் சொன்னதை, சொல்லாததை, நான் ஏன் பொய் சொன்னேன் என்பதை. பொறாமை என்ற சொல்லையும் விடாமல் சொன்னேன்.

கமலா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவள் கண் கலங்கியது. கோபம் என்று நினைத்தேன்.

"என்ர அண்ணா" என்றாள். "இவளைத் தேத்திறதுக்காக உங்களை நீங்களே இப்பிடிக் கேவலப்படுத்திறியளே. உங்களுக்குப் பொய் சொல்லவும் வராது."

"கமலா, இதுதான் உண்மை."

"இருங்கோ, தேத்தண்ணி ஊத்திறன்."

திரைக்குப் பின்னால் இருந்து மெல்லிய குரல் வந்தது. "தாங்ஸ் மாமா. எனக்காகத்தான் சொல்லுறீங்கள் எண்டு விளங்குது. ஆனா நான் வெளிய வரேல்ல. உங்களுக்கு ஒண்டும் ஆகக் கூடாது."

எனக்கு ஆக வேண்டியது அந்த நிமிடம் ஆனது. நான் பார்க்க மறுத்த பிள்ளை, எனக்காக ஓர் அறைக்குள் அடைந்திருந்தது. கமலா தேநீரில் சீனி கூடப் போட்டிருந்தாள். குடித்தேன்.

புஷ்பத்தின் கேள்வி

வீட்டுக்கு வந்தேன். புஷ்பம் குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கும் சொன்னேன். கமலாவுக்குச் சொன்ன அதே சொற்கள்.

அவள் உடனே நம்பினாள். கையிலிருந்த கீரைத் தண்டை வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அப்ப நான் தூக்கியிருக்கலாம்?"

"ஓம்."

"அண்டைக்கே?"

"ஓம் புஷ்பம்."

கை கழுவினாள். சேலை மாற்றினாள். எழுபது வயதில், முழங்கால் நோவோடு, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கொட்டாஞ்சேனையில் நடந்ததைக் கமலாதான் பிறகு சொன்னாள். புஷ்பம் வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்று, "கமலா, உன்ர கொண்ணன் பொய்யன்" என்றாளாம். நாற்பது வருடத்துக்கு மேல் என்னை ஒருவர் முன்னாலும் விட்டுக்கொடுக்காதவள். அவள் வாயால் அதைக் கேட்ட பிறகு கமலாவுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. நிலத்தில் குந்திவிட்டாளாம்.

அதன் பிறகு கமலா எனக்கு ஒருதரம்தான் போன் எடுத்தாள். நடந்ததைச் சொல்லிவிட்டு, "நான் சத்தியம் பண்ணினனான் அண்ணா. உங்கட உயிருக்காக. என்ர பிள்ளையை ஒளிச்சு ஒளிச்சு வளர்த்தனான்" என்றாள். நான் பேசும் முன் வைத்துவிட்டாள்.

வாசுகி வந்த நாள்

மூன்றாம் நாள் பின்னேரம் கதவு மணி அடித்தது. திறந்தேன். ஆட்டோவில் வந்திறங்கிய ஒரு பிள்ளைத்தாச்சி மூச்சு வாங்கியபடி நின்றாள். கமலாவின் நெற்றி. அவள் யார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பாருங்கோ" என்றாள்.

நான் தலை குனிந்தேன்.

"குனியாதேங்கோ மாமா. நிமிந்து பாருங்கோ. நான் உங்களுக்கு முன்னால நிக்கிறன். நீங்கள் சாகேல்லைத்தானே?"

பார்த்தேன். அவள் கண்ணை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

"பள்ளிக்கூடத்தில ஒருத்தி விழுந்து கையை முறிச்சா, நான் பார்த்ததாலதானோ எண்டு யோசிப்பன். அப்பிடித்தான் வளந்தனான். உங்களுக்கு விளங்குதோ?"

"விளங்குது பிள்ளை. மன்னிச்சுக் கொள்ளு எண்டு கேக்க எனக்கு..."

"கேக்காதேங்கோ. நான் இப்ப அதுக்கு வரேல்ல." உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. "நீங்கள் பேப்பரில வாராவாரம் எழுதுறனீங்கள்தானே. அண்டைக்கு எல்லாச் சொந்தத்துக்கும் சொன்னனீங்கள். இப்பவும் எல்லாருக்கும் சொல்லுங்கோ. என்ர பேரைப் போட்டு எழுதுங்கோ. இவள் மாமனுக்கு ஆகாதவள் இல்லை எண்டு எழுதுங்கோ."

புஷ்பம் உள்ளிருந்து வந்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வாசுகி அவள் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள்.

"மாமி, பிறந்த உடன நீங்கள்தான் கையில வாங்க வேணும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "மாமா நீங்கள் வரவேண்டாம். கொடிக்காக இல்லை."

வாசுகியின் கட்டளைப்படி எழுதுகிறேன். வாசுகி மாமனுக்கு ஆகாதவள் இல்லை. அவளுக்கு ஆகாதவன் அவள் மாமன்.

இப்போது

பெண் பிள்ளை பிறந்தது. கொடி எங்கே கிடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை என்று அறிந்தேன். வாசுகியின் தம்பி அன்றைக்கே போய்ப் பார்த்தானாம். புஷ்பம் முப்பத்தொரு நாளும் கொட்டாஞ்சேனையில் நின்றாள். நான் இங்கே சோறும் பருப்பும் காய்ச்சிச் சாப்பிட்டேன். ஒருநாளும் அவள் போன் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

போன கிழமை அவள் திரும்பி வந்தாள். மெலிந்திருந்தாள். கதிரையில் அமர்ந்து கால்களை நீட்டினாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அன்று தாழ்வாரத்தில் ஒரு நொடி கண்ட முகம், ஒரு மாதமாக யாரும் தடுக்காமல் இருந்து பழகிப்போய், வயதான தோலில் அப்படியே தங்கியிருந்தது.

நேர்மை என்று வாசகர் சொன்னதற்காக இதையும் சொல்ல வேண்டும். எனக்குப் பொறாமை வந்தது. எழுபத்தெட்டு வயதில், எல்லாவற்றையும் ஒப்புக்கொண்ட பிறகும், அது பழையபடி கிளம்பியது. திருந்தினால் அது போய்விடும் என்று நினைத்திருந்தேன்.

"போனில படம் இருக்குமே?" என்று கேட்டேன்.

"இருக்கு. உங்களுக்குக் காட்டவேண்டாம் எண்டு வாசுகி சொன்னவள்."

"சரி."

வெளியே ரயில் ஒன்று போய் முடிந்தது.

"படம் காட்டவேண்டாம் எண்டுதான் சொன்னவள்" என்றாள் புஷ்பம். "கதைக்க வேண்டாம் எண்டு சொல்லேல்லை."

பிறகு அவள் சொல்லத் தொடங்கினாள். பிள்ளை கொட்டாவி விடும்போது முதலில் வலது கண்தான் மூடுமாம். குளிப்பாட்டும்போது அழாதாம், துடைக்கும்போதுதான் அழுமாம். தன் குரல் கேட்டால் தலையைத் திருப்புமாம். என் மனைவி என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தன் இரண்டு கைகளையும் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனாள். எனக்கு நெஞ்சு எரிந்தது. இந்த முறை அவளைத் தடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.